ஒரு பாட்டுக்குள் ஏழு வருசம்: ஓணத்துக்கு எந்தக் குடும்பப் படம்?

இந்த ஓணத்துக்கு எங்கள் ஊர் வாயனசாலை, அதாவது நூலகத்தின் முற்றத்தில் எந்தப் படம் போடுவது என்று நாலு ஞாயிற்றுக்கிழமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை. கமிட்டிக்காரர்கள் அவரவர் கட்சியை எழுதிக்கொண்டு வரட்டும் என்று தலைவர் அண்ணன் சொல்லிவிட்டார். இது என் பங்கு.

எங்கள் ஊர் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கிழக்கே கோபாலபுரம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் பொள்ளாச்சி போகிற ரோடு. ரேஷன் கார்டில் மலையாளம், வீட்டில் தமிழ். ஓணத்துக்குப் பூக்களம் போடுகிற அதே வாசலில்தான் தை மாசம் பொங்கப்பானை வைக்கிறோம். படம் பார்க்க வருகிற கூட்டமும் இதே கலப்புதான். கள்ளு இறக்குகிறவர்கள், தோப்பு வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலப் பாலை ஊற்றிவிட்டுத் தூக்குப்போசியோடு அப்படியே வந்து உட்காருகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எண்பது வயசு அப்புச்சிகள். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரை தினமும் இரண்டு வேளை பார்க்கிறேன். படம் பிடித்ததா இல்லையா என்பது மறுநாள் காலை ஆறரை மணிக்கே எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஓணத்துக்குப் போட்ட படத்தின் பேர் வேண்டாம். குடும்பப் படம்தான். இரண்டேகால் மணி நேரம் எல்லோரும் அசையாமல் பார்த்தார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் அண்ணன் திருந்தினான், அண்ணி திருந்தினாள், சொத்தை ஏமாற்றிய மாமனும் திருந்தினான். அண்ணி அழ ஆரம்பித்ததுமே முற்றத்தில் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு பாய், அப்புறம் பத்து. மறுநாள் சொசைட்டியில் ஒருத்தர்கூடப் படத்தைக் குறை சொல்லவில்லை. நம்பிக்கை விட்டுப்போன இடத்தில் எழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாய்ச் சத்தம் எனக்கு மறக்கவே இல்லை. அதனால் நடிகர் யார், பாட்டு எப்படி என்பதையெல்லாம் மற்றவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். படத்தில் ஒரு மனுசன் மாறுகிறான் என்றால் அதை எங்கள் முற்றம் நம்புமா? அவன் மாறுவதற்குப் படம் கொடுக்கிற காலம் கணக்குக்கு வருகிறதா?

பட்டியலில் நாலு தமிழ்ப் படங்கள் நிற்கின்றன. சூர்யவம்சம், தவமாய் தவமிருந்து, மெய்யழகன், சம்சாரம் அது மின்சாரம். ஐந்தாவதாக, நாங்கள் மாஷ் என்று கூப்பிடுகிற வாத்தியார் ஒரு மலையாளப் படத்தைச் சேர்த்தார், கும்பளங்கி நைட்ஸ்.

தவமாய் தவமிருந்து படத்தை மனசில்லாமல்தான் முதலிலேயே எடுத்து வைக்கிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பது சட்டம். இருட்டி, திரையில் படம் தெரிய ஏழு மணி ஆகும். அதற்குள் பிள்ளைகளுக்குப் பரிசு, இரண்டு பேர் பேச்சு முடிந்துவிடும். நடுவில் சாயாவுக்கு விட்டால் மீதி இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. சேரன் 2005-ல் எடுத்த அந்தப் படம் அதற்குள் அடங்காது. வெட்டிப் போடலாம் என்று தம்பிமார் சொன்னார்கள். கூடாது. சிவகங்கையில் அச்சகம் வைத்துப் பிழைக்கிற ஒரு அப்பாவின் வாழ்க்கையை, பிள்ளைகள் சின்னப் பையன்களாக இருப்பதில் தொடங்கி அவர்களே அப்பா ஆகும் வரைக்கும் சொல்கிற படம் அது. அதன் நீளமே அதன் உண்மை. ராஜ்கிரணின் தலை நரைப்பதை நாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன மகனைத் தேடி, குழந்தை பிறந்த பிறகு அவர் வந்து நிற்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த அப்பா மாறவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மாறுவது மகன்தான், அதுவும் தானும் ஒரு குழந்தைக்குத் தகப்பன் ஆன பிறகு. நடுவில் அரை மணி நேரத்தை எடுத்துவிட்டால் அந்த வயசு நமக்குள் ஏறாது. இந்தப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் உள் அறையில் முழுசாகப் போட வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இளவட்டங்கள் சொல்வது சூர்யவம்சம். விக்ரமன் இயக்கி 1997-ல் வந்தது. சரத்குமார் அப்பா, மகன் இரண்டு வேடமும் கட்டியது. டிவியில் எத்தனை தடவை போட்டாலும் எங்கள் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பார்ப்பார்கள். அந்த நட்சத்திர ஜன்னல் பாட்டு ஒன்று போதும். பாட்டு தொடங்கும்போது கையில் ஒன்றும் இல்லாத புருசனும் பெண்டாட்டியும், பாட்டு முடியும்போது அவன் பஸ் முதலாளி, அவள் கலெக்டர்.

எங்கள் அம்முச்சி உயிரோடு இருந்தபோது இந்தப் பாட்டை டிவியில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "ஏங்கண்ணு, நாட்டுத் தென்னம்புள்ளை வெச்சாப் பாளை வுடவே ஏழு வருசம் ஆவுது. இந்தப் பையன் அந்த ஏழு வருசமும் என்னத்தத் தின்னான்?"

அவள் அதை நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தென்னம்பிள்ளை வைத்துவிட்டு ஏழு வருசம் கடலைக்காய் போட்டு வயிற்றைக் கழுவினவள் அவள். இடைப்பட்ட காலத்தில் என்ன தின்றார்கள் என்பதுதான் அவளுக்குக் கதை. அது பாட்டுக்குள் போய்விட்டது.

கணக்குப் பார்த்தாலும் இடிக்கிறது. ஐஏஎஸ் என்றால் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம் மூன்றையும் தாண்டவே ஏறக்குறைய ஒரு வருசம். அப்புறம் பயிற்சி, அப்புறம் சப் கலெக்டர், அதற்கும் மேலே பல வருசம் கழித்துத்தான் கலெக்டர் நாற்காலி. படத்தில் அவர்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுதான் ஆகிறது. பிள்ளையின் உயரமும் அம்மாவின் பதவியும் ஒரே காலண்டரில் ஒட்டவில்லை.

ஆனாலும் எங்கள் கூட்டம் அந்தப் பாட்டில் பாய் சுருட்டாது. இதை நான் பல நாள் யோசித்தேன். பணம் சேர்வதைப் பாட்டில் காட்டினால் யாரும் கோவிப்பதில்லை. 1992-ல் அண்ணாமலை படத்தில் பால்காரன் ஒரு பாட்டில் பெரிய முதலாளி ஆனபோது எங்கள் ஊர்ப் பால்காரர்கள்தான் முதலில் கைதட்டியிருப்பார்கள். பணம் வருகிற வழி எல்லோருக்கும் தெரியும். உழைப்பு, கடன், கொஞ்சம் அதிர்ஷ்டம். அதை நீட்டிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. ஒரு மனசு இளகுகிற வழிதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் படத்துக்கே வருகிறார்கள்.

இந்த இடத்தில் விக்ரமனைப் பாராட்ட வேண்டும். மகன் பணக்காரன் ஆவதைப் பாட்டில் தள்ளியவர், அப்பன் மனசு இளகுவதைப் பாட்டில் தள்ளவில்லை. மகனோடு பேசாத சக்திவேல் கவுண்டர் பேரனோடு பழகுகிறார். மகனிடம் விட்டுக்கொடுக்க முடியாத வீம்பை ஒரு பொடியனிடம் விட்டுக்கொடுப்பதில் அவருக்கு மானக்கேடு இல்லை. எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இப்படி நடந்திருக்கிறது! பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மகன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்புகிற தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிகள் இன்னும் அரை மணி நேரம் ஓடியிருந்தால் என் ஓட்டு இந்தப் படத்துக்குத்தான். ஆனால் படம் அவசரப்பட்டு வில்லனையும் பாயசத்தில் விஷத்தையும் கொண்டுவந்துவிடுகிறது. பேரன் செய்துகொண்டிருந்த வேலையை விஷம் பறித்துக்கொள்கிறது. தாத்தா தானாக இறங்கி வந்தாரா, சாவு பயத்தில் இறங்கினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது.

மெய்யழகன் இதற்கு நேர் எதிர். வருசக்கணக்கை ஒரு பாட்டில் ஓட்டாமல், ஒரே ஒரு ராத்திரியை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டுகிறது. பிரேம்குமார் இயக்கி 2024-ல் வந்தது. சொத்துச் சண்டையில் தஞ்சாவூர் வீடு கைவிட்டுப் போய் 1996-ல் ஊரை விட்ட அருள்மொழி, 2018-ல் தங்கச்சி கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒரு சொந்தக்காரப் பையன் அவரை விடாமல் பிடித்துக்கொள்கிறான். இவருக்கோ அவன் பேர் ஞாபகம் வரவில்லை. கேட்கவும் வெட்கம்.

22 வருசத்துக் காயம் ஒரு ராத்திரியில் ஆறுமா? ஆறாது. படமும் ஆறிவிட்டது என்று சொல்லவில்லை. எனக்கு இந்தப் படத்தில் உயிராகப் பட்டது, அருள்மொழி விடியுமுன் சொல்லாமல் கிளம்பிப் போகிற இடம். அத்தனை அன்பையும் வாங்கிக்கொண்ட மனுசன், பேர்கூடத் தெரியவில்லையே என்ற கூச்சத்தில் ஓடிப்போகிறார். பழைய சுபாவம் இன்னும் உள்ளே இருக்கிறது, அதுதான் ஓடுகிறது. பிறகு சென்னையிலிருந்து அவர் போன் பண்ணுகிறார். மாற்றம் என்று படம் காட்டுவது அந்த ஒரு போனைத்தான். அதனால் நம்ப முடிகிறது. ஊரை விட்டுப் போகும்போது அவர் விட்டுப்போன சைக்கிள் இன்னொருத்தன் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பதும் அப்படித்தான். 22 வருசம் நமக்குக் காட்டப்படவில்லை. அந்தச் சைக்கிளைத் தொட்டால் அத்தனை வருசமும் கைக்குத் தட்டுப்படுகிறது.

வெளியான பிறகு ஏறக்குறைய 18 நிமிஷம் குறைத்தார்கள். அப்படியும் எங்கள் முற்றத்துக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஓணத்துக்குள் அடங்கும் என்பார்கள், ஒருசில வருசம் அடங்குவதில்லை. திரைத்துணி புடைத்து முகங்கள் ஊதி ஊதிச் சுருங்கும். ஸ்பீக்கர் சத்தம் பாதி தோப்புப் பக்கம் போய்விடும். மெய்யழகன் முணுமுணுப்பில் நிற்கிற படம். அரவிந்த்சாமி தொண்டைக்குள் அழுவதை அந்தக் காற்றில் யார் கேட்பது? பிள்ளைகளும் எட்டரை மணிக்குத் தூங்கிவிடும்.

இப்போது மாஷ் சொன்ன படம். மாஷ் மலையாளி, ரிட்டயர்டு வாத்தியார். ஆனால் அவர் சொன்ன காரணம் எங்களை அமைதியாக்கிவிட்டது. "முருகன்னு ஒரு தமிழன் அதுல உண்டு. அவனை நம்ம ஊர்க்காரங்க பாக்கணும்" என்றார்.

கும்பளங்கி நைட்ஸ் 2019-ல் வந்தது. மது சி. நாராயணன் இயக்கம், சியாம் புஷ்கரன் எழுத்து. கொச்சிக்குப் பக்கத்தில் கதவில்லாத ஒரு வீட்டில் நாலு சகோதரர்கள். மூத்தவன் சஜி, இஸ்திரி போட்டுப் பிழைக்கிற முருகனின் சம்பாத்தியத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறான். ஒருநாள் சஜி உயிரை விடப் போகிறான், அவனைக் காப்பாற்றப் போன முருகன் செத்துப்போகிறான். முருகனின் மனைவி சதி அப்போது கர்ப்பிணி.

சஜி அதற்குப் பிறகு உடனே திருந்தி நல்லவனாகி வேலைக்குப் போகவில்லை. அவனுக்கு அழுகை வரவில்லை, அதுதான் அவனுக்கு வந்த முதல் தொந்தரவு. தம்பியிடம் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கிறான். அங்கே டாக்டர் தோளில் விழுந்து அழுகிறான். எங்கள் பக்கத்து ஆம்பளைகளை நினைத்துப் பார்க்கிறேன். தம்பியிடம் ஒரு உதவி கேட்பது, அதுவும் அழத் தெரியவில்லை என்று சொல்லி ஒரு உதவி கேட்பது, எத்தனை பேரால் முடியும்? அந்த ஒரு கேள்வியில் நாலு சகோதரர்களின் வீடு ஒரு அங்குலம் நகர்கிறது. சதி அந்த வீட்டுக்கு வருகிறாள், குழந்தை பிறக்கிறது. எத்தனை மாசம் ஆயிற்று என்று படம் எழுத்துப் போட்டுக் காட்டவில்லை. வயிற்றில் இருந்த குழந்தை கைக்கு வந்திருக்கிறது, நமக்கே தெரிகிறது. பெண்கள் கணக்கெடுப்பது இப்படித்தான். எங்கள் சொசைட்டியில் ஒருத்தி, அந்த வருசம் எந்த வருசம் என்று கேட்டால் "சின்னவ வயித்துல இருந்தப்ப" என்றுதான் சொல்வாள்.

நம்பிக்கை என்ற ஒரே அளவுகோலை வைத்தால் ஐந்தில் முதல் இடம் இந்தப் படத்துக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தற்கொலை முயற்சியும் தம்பி ஒருவன் காதலிக்கிற பெண்ணின் அக்கா புருசன் ஷம்மியின் வீட்டுக்குள் நடக்கிறதும் சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாதவை. போன வருசம் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்தது. அந்த அம்மா முன் வரிசையில்தான் எப்போதும் உட்காருவாள். இதை மாஷிடம் தனியாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது நான் யோசிக்கலை" என்றார்.

கடைசிப் படத்துக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அளவுகோல் அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் முறை எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. 2003 கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனபோது, முறை முடிந்தும் மோட்டார் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடிவிட்டது. யார் ஓட்டினது என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி. அன்றைக்குப் பேச்சு நின்றது. 11 வருசம்.

அந்த 11 வருசமும் ஒன்றும் நடக்காமல் போய்விடவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒரு நாள்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணம் போய்க்கொண்டேதான் இருந்தது, ஆம்பளைகள் பார்க்காத நேரத்தில். 2009-ல் என் கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தார். பின்னால் நின்று பார்த்தார், மகன் பேரில் மொய் எழுதினார், பந்தியில் உட்காரவில்லை. அதற்கு அப்புறம் அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கட்டுத்தரையில் மாட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். "மோட்டாரு நிறுத்தியாச்சு. இனி யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம்." வேலிக்கு அந்தப்பக்கம் பெரியப்பாவும் தன் மாட்டிடம் பதில் சொல்வார். "செரி செரி, போட்டுக்கறமுன்னு சொல்லு." இரண்டு மாடுகள் வழியாக இப்படி நாலு வருசம் பேச்சு நடந்தது. 2014-ல் மோட்டார் காயில் எரிந்தது. கிணற்று மேட்டில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றேன். பெரியப்பா வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயரும் மாத்தோணும்" என்றார். அப்பா, "மாத்திக்கலாமுங்" என்றார். அவ்வளவுதான். யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அப்பாவின் வாயில் அந்த "ங்" வந்ததை மட்டும் நான் கவனித்தேன். அண்ணனுக்குக் கொடுக்கிற மரியாதை 11 வருசம் கழித்து அந்த ஒரு எழுத்தில் திரும்பி வந்தது.

இப்போதும் அப்பா பெரியப்பா வீட்டில் தண்ணீர் குடிப்பார், காப்பி குடிக்க மாட்டார்.

அந்தக் காப்பியைத்தான் நான் படங்களில் தேடுகிறேன். மாறின மனுசனிடம் மாறாமல் மிச்சம் நிற்கிறது ஏதாவது உண்டா என்று பார்ப்பேன். அருள்மொழி சொல்லாமல் ஓடிப்போனது அப்படி ஒரு மிச்சம். மகனிடம் வராமல் பேரனிடம் போன கவுண்டரின் வீம்பும் அப்படித்தான். மிச்சமே இல்லாமல் முழுசாகத் திருந்திவிட்டால் அந்த இடத்தில் பாய் சுருட்டுவார்கள்.

சம்சாரம் அது மின்சாரம் 1986-ல் ஏவிஎம் எடுத்தது, விசு எழுதி இயக்கி நடித்தது. நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. மறுவருசமே தெலுங்கிலும், 1988-ல் சத்யன் அந்திக்காடு இயக்கத்தில் குடும்பபுராணம் என்று மலையாளத்திலும் போனது. அதனால் மாஷ் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது.

குறைகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் மூன்று சிக்கல். சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிற மூத்த மகன் சிதம்பரம், புருசனோடு பேச நேரம் கிடைக்காமல் கோவித்துக்கொண்டு போகிற சின்ன மருமகள், புகுந்த வீட்டில் நிற்காமல் வருகிற மகள். மூன்றும் கடைசியில் மூத்த மருமகள் உமாவின் சாமர்த்தியத்திலும் வேலைக்காரி கண்ணம்மாவின் உதவியிலும் படபடவென்று தீர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம், ஒரு காட்சி, ஒரு அழுகை. இதோடு படம் முடிந்திருந்தால் போன ஓணத்துக் கதைதான்.

ஆனால் பிளவு விழுகிற விதம் அப்படியே எங்கள் ஊர். அப்பனுக்கும் மகனுக்கும் பணத்தில் வாய் வார்த்தை தடிக்கிறது. வெளியே போ என்று அப்பன் சொல்ல, இந்த வீட்டில் என் பணமும் இருக்கிறது என்று மகன் சொல்ல, வீட்டுக்கு நடுவே ஒரு கோடு விழுகிறது. மூத்த மருமகள் உமா அப்போது பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருக்கிறாள். இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு வீட்டில் எல்லோரையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த பெண் சில மாசம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் படத்தின் காலக்கணக்கு. கும்பளங்கியைப் போலவே இங்கேயும் ஒரு கர்ப்பம்தான் காலண்டர். அவள் கைக்குழந்தையோடு திரும்பி வரும்போது கோடு நடுவீட்டில் கிடக்கிறது. எத்தனை நாளில் குடும்பம் உடைந்தது என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் மேலே அந்தக் கடைசிக் காட்சி. எல்லோரும் திருந்தியாகிவிட்டது, மகன் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, கோட்டை அழித்துவிட்டு ஒன்றாக இருக்கலாம் என்று பெரியவர் மனசு நிறைந்து நிற்கிறார். அப்போது உமா வேண்டாம் என்கிறாள். நாங்கள் தனியாகப் போகிறோம், அப்பப்போ வந்து பார்த்துக்கொள்கிறோம், ஒன்றாக இருந்தால் திரும்பவும் விரிசல் விடும் என்கிறாள். இதைச் சொல்வது சண்டை போட்டவர்களில் ஒருத்தர் இல்லை. எல்லோரையும் சேர்த்து வைத்தவளே சொல்கிறாள். அரை மணி நேரமாக நடந்த திருந்துதல்களை அந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தி முழுசாக நம்பவில்லை. நமக்கு வருகிற சந்தேகத்தை அவள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். அதனால் முன்னால் நடந்த அவசரமெல்லாம் எனக்கு மன்னிப்பாகிவிடுகிறது. எங்கள் அப்பா குடிக்காத காப்பி அந்தக் காட்சியில் இருக்கிறது.

1986-ல் கூட்டுக் குடும்பம்தான் குடும்பம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மருமகள் இதைச் சொல்லி, கெட்டவள் என்ற பேர் வாங்காமல் வெளியே போனது சின்ன விஷயம் இல்லை. என் அம்மா அந்தப் படத்தைப் பொள்ளாச்சியில் பார்த்தபோது அவளுக்கு நான் வயிற்றில். வீட்டுக்கு வந்து அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசவில்லையாம். பேசினால் அப்பத்தா காதில் விழும் என்று.

மற்றபடி நடைமுறைக்கும் இதுதான் தோது. விசு மேடை நாடகத்திலிருந்து வந்தவர். படத்தில் எல்லோரும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுகிறார்கள், கணவாய்க் காற்றையும் மீறிக் கேட்கும். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். ஏழு மணிக்குத் தொடங்கி நடுவில் சாயாவுக்கு விட்டாலும் பத்துக்கு முன்னால் ஸ்பீக்கரை நிறுத்திவிடலாம். மனோரமா வருகிற இடங்களில் பிள்ளைகளும் விழித்திருக்கும்.

ஆகவே என் ஓட்டு சம்சாரம் அது மின்சாரத்துக்கு. கும்பளங்கி நைட்ஸை டிசம்பர் லீவில் பெரியவர்களுக்கு மட்டும் உள் அறையில் போடலாம் என்று மாஷிடம் பேசியிருக்கிறேன், அவருக்கும் சம்மதம். மெய்யழகனைக் காற்று அடங்கின ஒரு மாசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சூர்யவம்சம் டிவியிலேயே வந்துவிடும், தம்பிமார் கோவித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு காரியம் மட்டும் கமிட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் மன்னிப்புக் கேட்டதும் படம் முடிந்தது என்று நினைத்து ஆபரேட்டர் தம்பி முற்றத்து லைட்டைப் போட்டுவிடக் கூடாது. அதற்குப் பின்னால்தான் உமா பேசுவாள். இன்னொன்று நாற்காலி. முன் வரிசையில் எங்கள் அப்பாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று போடுங்கள், நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு. அதில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.